வெண்டல் பிரோஷெக் வாய் திறந்த நாள்

அயோவா மாநிலத்தில் லிட்டன்ஃபோர்டு என்ற சோளக்காட்டு ஊரில் இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை பார்த்தவர் வெண்டல் பிரோஷெக். பேஸ்பாலில் பந்து வீசும் பையன்களை வளர்த்து மேலே அனுப்புவதுதான் அந்த வேலை. தாய் அணி எங்கோ பெரிய நகரத்தில் இருந்தது. அதற்குக் கீழே நாலு படி. லிட்டன்ஃபோர்டு அணி கடைசிப் படி. வந்தவர்கள் ஒரு கோடை, மிஞ்சினால் இரண்டு கோடை இருப்பார்கள். பிறகு மேலே போவார்கள், அல்லது வீட்டுக்குப் போவார்கள். எங்கேயும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டவர் வெண்டல் ஒருவர்தான். நாற்பத்தொரு பேரை மேலே அனுப்பியிருந்தார். அவரை மேலே கூப்பிடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவர் வலது கட்டைவிரலில் ஒரு காய்ப்பு உண்டு. பையன் ஒவ்வொரு பந்து வீசும்போதும் கைக்குள் இருக்கிற சின்ன எண்ணும் கருவியை அமுக்கி அமுக்கி வந்த காய்ப்பு. இளசுகளின் தோள் கெட்டுவிடக் கூடாது என்று தாய் அணி ஒரு சட்டம் போட்டிருந்தது: ஒரு பையன் ஒரு நாளைக்கு எழுபத்தைந்து பந்துதான். எழுபத்தாறாவது பந்து வீசினால் வெண்டலுக்கு வேலை போகும். எழுபத்தைந்து பந்தில் ஐந்து இன்னிங்ஸ் போகும், கடவுள் கண் திறந்தால் ஆறு. ஆட்டமோ ஒன்பது இன்னிங்ஸ்.

இதில்தான் அவருடைய தீராத வயிற்றெரிச்சல் இருந்தது. ஒன்பது இன்னிங்ஸையும் ஒரே ஆள் வீசி, எதிராளி ஒருவனுக்குக்கூட ஒரு ஹிட், அதாவது பந்தைச் சுத்தமாக அடித்து ஓடிப்போய்ச் சேர்கிற வாய்ப்பு, கொடுக்காமல் முடிப்பது என்று ஒன்று உண்டு. அதைப் பார்த்தவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெண்டலின் பையன்கள் ஒன்பது பேர் அந்தப் பாதையில் பாதி தூரம் போயிருந்தார்கள். ஒன்பது பேரையும் கருவியில் எழுபத்தைந்து வந்ததும் இவரே நடந்துபோய்க் கையில் இருந்த பந்தை வாங்கிக்கொண்டு வெளியே கூட்டிவந்தார். ஒன்பது தடவையும் ஊர் திட்டியது. ஒரு தடவை கடுகுச் சாந்தோடு ஒரு ஹாட் டாக் பறந்துவந்து அவர் தொப்பியில் உட்கார்ந்தது. எறிந்தவர் அவருடைய பல் டாக்டர். அடுத்த மாதம் அதே ஆளிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு ஜூன் ஒன்பதாம் தேதி மழை வந்தது.

அன்றைக்கு வீசியவன் ஓரின் டால்ஸ்ட்ராம். மினசோட்டாக்காரன், பத்தொன்பது வயது, நெட்டையன். இரண்டு வருஷம் முன்புவரை பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவன். பேஸ்பாலின் சடங்கு சம்பிரதாயமெல்லாம் அவனுக்கு அரைகுறை. ஆனால் வாய் இருக்கிறதே, அது முழுசு. பஸ்ஸில் ஏறியது முதல் இறங்குகிற வரை பேசுவான். அடிக்க வருகிற எதிராளியிடம் அவன் அம்மா சௌக்கியமா என்று கேட்பான். அவன் வந்த முதல் வாரத்திலேயே, அவன் வீசுகிற பந்தைப் பிடிக்கிற கேட்சர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தான்.

வாட்டர்க்ரீக் அணிக்கு எதிராக ஓரின் ஐந்து இன்னிங்ஸ் வீசினான். ஒரு ஹிட் இல்லை. நாலாவது இன்னிங்ஸில் ஒரு பந்து உருண்டு வந்து நம் ஆள் கால் இடுக்கில் புகுந்து போனது. அது பீல்டர் செய்த தப்பு, ஹிட் இல்லை என்று ஸ்கோர் எழுதுகிற மில்லர்ட் கை காட்டிவிட்டார். கருவியில் ஐம்பத்தெட்டு. வெண்டல் பத்தாவது தடவையாக ஹாட் டாக்கை எதிர்பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வானம் பிளந்தது. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ரத்து இல்லை, ஒத்திவைப்பு. வாட்டர்க்ரீக்காரர்கள் மறுபடி ஊருக்கு வருவது ஜூலை பதினாலு. அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மைதானத்தில் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்த வெண்டல் அப்படியே நின்றுவிட்டார். எழுபத்தைந்து பந்து என்பது ஒரு நாளைக்கு. ஜூலை பதினாலு வேறு நாள். அன்றைக்குக் கருவி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். மீதி நாலு இன்னிங்ஸுக்கு எழுபத்தைந்து பந்து தாராளம். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, சட்டத்துக்கு உட்பட்டு, அவர் வளர்த்த ஒரு பையன் அதைச் செய்து முடிக்கலாம். மழையில் நின்றபடி அவர் அழுதார். மழை என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் ஓரின் ஓடிவந்தான். "கோச், மூணாவது இன்னிங்ஸ்ல நான் போட்ட அந்த மெதுவான பந்தப் பாத்தீங்களா? அவன் முகம் போன போக்கப் பாத்தீங்களா?"

வெண்டல் சுவரைப் பார்த்தார்.

பேஸ்பாலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிட்சர் ஹிட் கொடுக்காமல் வீசிக்கொண்டிருக்கும்போது அவனிடம் யாரும் பேசக் கூடாது, அந்த விஷயத்தை வாயால் சொல்லவும் கூடாது. சொன்னால் திருஷ்டி. ஓரினுக்கும் இது தெரியும். ஆனால் உலகத்தில் எல்லோரையும் போல, அன்றைய பொழுதோடு அது முடிந்துவிட்டது என்று அவன் நினைத்தான். வெண்டல் அவனை விட்டு நகர்ந்து மற்றவர்களைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், "ஆட்டம் இன்னும் முடியல," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஓட்டலில் பரிமாறுகிற பெண் அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. மழைக்கு முந்தின நாள் அவன் வாய் தவறி ஈரலும் வெங்காயமும் கேட்டிருந்தான். அதனால் இப்போது அவன் உட்கார்ந்தாலே ஈரலும் வெங்காயமும் வந்தது. முடிவெட்டுகிறவர் அவன் தலையைப் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வந்தார். சோளக்கதிர் வேஷம் போட்டுக்கொண்டு மைதானத்தில் குழந்தைகளைச் சிரிக்க வைக்கிற ஆள் இவனைக் கண்டால் மட்டும் தொப்பி எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒதுங்கிப்போனார். அவன் தங்கியிருந்தது மார்வெல் ஷிமேக் வீட்டில். மார்வெல் பெண்களுக்கான சலூன் வைத்திருப்பவள். பேசுவதுதான் தொழில், முடி திருத்துவது இடையில் நடப்பது. அவளே வாயைக் கட்டிக்கொண்டாள் என்றால் ஊர் எவ்வளவு தீவிரமாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். சீட்டு எழுதி வைப்பது பேச்சில் சேருமா என்று அவள் வெண்டலிடம் வந்து கேட்டாள். வெண்டல் ஒரு நாள் யோசித்து, சேரும் என்றார்.

பாவம் ஓரின். தான் எதிலோ பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று அவன் முடிவுகட்டினான். எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிற மினசோட்டாவில் வளர்ந்தவனுக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். தன் குற்றங்களை நினைத்து நினைத்துப் பட்டியல் போட்டான். கேட்சரின் சாண்ட்விச்சைத் தின்றது. பஸ்ஸில் குறட்டை. யாருடைய ஷாம்பூவையோ எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பிராயச்சித்தம் செய்தான். புது ஷாம்பூ பாட்டில் வாங்கி ஒவ்வொருவன் அலமாரியிலும் வைத்தான். கேட்சரின் காரைக் கழுவினான். இருபத்தைந்து ஜோடி ஷூவைத் துடைத்தான். இதையெல்லாம் பார்த்த மற்றவர்கள், பையனுக்குப் படபடப்பு, பாவம், இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று இன்னும் தள்ளிப் போனார்கள்.

இடையில் அவன் வேறு ஆட்டங்களில் வீசத்தான் வேண்டியிருந்தது. ஆறு நாளைக்கு ஒரு முறை வீசினான்; ஆறு நாளைக்கு ஒரு முறை செமத்தியாக அடிவாங்கினான். காரணத்தை வெண்டல் இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். மெதுவான பந்தை வீசுவதற்கு முன்னால் பையனின் நாக்கு நுனி வாயோரத்தில் எட்டிப் பார்த்தது. வேகப்பந்துக்கு வராது. மூன்று ஊர் அணிகள் இதைத் தெரிந்துகொண்டுவிட்டன. நாக்கைக் கண்டால் பொறுமையாக நின்று சாத்தினார்கள். ஒரே ஒரு வாக்கியம், "நாக்க உள்ள வை," என்று சொன்னால் தீர்ந்தது. அதைத்தான் சொல்ல முடியாது.

வெண்டல் தவித்துப்போனார். ஒரு பையனின் குறையைக் கண்டு சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கடைசியில் கசாப்புக் கடைக்காரரிடம் போய், மாட்டின் எந்தப் பகுதி என்ன கறி என்று காட்டுகிற பெரிய படத்தை வாங்கிவந்து, நாக்கைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரினின் அலமாரிக்கு எதிரே தொங்கவிட்டார். ஓரின் அதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அணியிலிருந்து தன்னை வெட்டிவிடப் போகிறார்கள் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இந்த நேரத்தில்தான் தாய் அணியிலிருந்து கிராண்ட் பெலோஸ் ஃபோன் செய்தான். எந்தப் பிட்சரை எப்போது மேலே ஏற்றுவது என்று தீர்மானிக்கிற முப்பத்தொரு வயது அதிகாரி. பையன்கள் அடிவாங்குகிறார்களா என்பதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. பந்து நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்பதுதான் அவனுக்கு வேதம். ஓரினின் பந்து பம்பரமாய்ச் சுழல்வதாகவும், மேல் படியில் ஓர் இடம் காலியாவதாகவும், பையன் தயாரா என்றும் கேட்டான். அங்கே ஒரு வழக்கம்: கூடவே இருக்கிற பயிற்சியாளர் "தயார்" என்று அறிக்கையில் எழுதினால்தான் ஏற்றுவார்கள்.

தயார்தான். நாக்கைத் தவிர மற்றதெல்லாம் தயார். ஆனால் அவன் மேலே போய்விட்டால் ஜூலை பதினாலாம் தேதி வேறு எவனோ வந்து மீதியை வீசுவான். அது ஒருவனுடைய சாதனையாக ஆகாது. வெண்டல் இரண்டு காபி குடித்தார். பிறகு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, அறிக்கையில் பொய் எழுதினார். "இன்னும் தயாரில்லை. யாரோடும் பேசிப் பழகுவதில்லை."

லிட்டன்ஃபோர்டிலேயே பெரிய வாயாடியைப் பற்றி இப்படி எழுதிவிட்டு அவர் நன்றாகத் தூங்கினார் என்று சொன்னால் நம்பக்கூடாது. இன்னும் மூன்று வாரம்தானே, மூன்று வாரத்தில் எவனுக்கு என்ன கெட்டுவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நாற்பத்தொரு பேருக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தாயிற்று, ஒரு தடவை எனக்காக என்றும் சொல்லிக்கொண்டார். மனசு கேட்டபாடில்லை.

ஜூலை பதினாலு விடிந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் ஐந்து மணி ஆட்டத்துக்குக் காலையிலேயே ஆட்கள் மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டார்கள். பல் டாக்டர் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டார். பத்தரை மணிக்கு பெலோஸ் ஃபோன் செய்தான்: மேல் படியில் ஒருவனுக்கு முழங்கை போய்விட்டது; நாளை மதிய ஆட்டத்துக்கு ஆள் வேண்டும்; ஐந்து மணி விமானத்தில் ஓரின் ஏறவேண்டும்; தயாரா இல்லையா, ஒரே வார்த்தையில் ஒரு மணிக்குள் சொல்லவேண்டும்; இல்லையென்றால் வேறு ஊரில் ஒருவன் இருக்கிறான். ஐந்து மணிக்கு விமானம். ஐந்து மணிக்கு ஆட்டம்.

வெண்டல் கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாததை எண்ணிக்கொண்டிருந்தபோது மார்வெல் உள்ளே வந்தாள். ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி பன் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். டப்பாவை வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

"ஏம்ப்பா வெண்டல், காலையில அந்தப் பையன் என் டோஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டான்."

"டோஸ்டர்கிட்டயா?"

"ரொட்டி கருகிப்போச்சு. கருக்கினது டோஸ்டர். இவன் அதத் தடவிக்குடுத்து, என் மேல தப்புன்னு சொல்றான். எனக்கும் சாயங்காலம் ஆட்டத்தப் பாக்கணும்ப்பா, இல்லேங்கல. சலூனுக்கு வர்ற அத்தன பேரும் வர்றாங்க. ஆனா அவன் பெட்டி கட்டி வெச்சிருக்கான். நாளைக்கு ஊருக்குப் போறேன், இனிமே பந்தே தொடமாட்டேன்னு அம்மாகிட்ட ஃபோன்ல சொல்லிட்டிருந்தான். இங்க யாருக்கும் என்னப் புடிக்கலம்மான்னான். நான் கதவுக்குப் பின்னாடி நின்னு வாயப் பொத்திட்டு அழுதேன்."

அவள் போன பிறகு வெண்டல் டப்பாவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஓரின் தனியாக, காலி மைதானத்தில், அடிக்கிறவன் நிற்கிற இடத்தைச் சுற்றி யாரும் சொல்லாமலே மண்ணைப் பெருக்கிச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு பெயர் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. பெலோஸுக்கு ஃபோன் செய்தார்.

"தயார்."

"யாரோடயும் பேசமாட்டான்னு எழுதியிருந்தீங்களே?"

"பேசுவான். நீங்கதான் பஞ்சு வாங்கி வெச்சுக்கணும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு வெளியே நடந்தார். ஒன்பது தடவை அதே தூரத்தை நடந்து ஒன்பது பையன்களிடம் பந்தை வாங்கியிருக்கிறார். மடக்கு நாற்காலிக்காரர்கள் அவர் எங்கே போகிறார் என்று பார்த்ததும் எழுந்து நின்றார்கள். பல் டாக்டர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். வெண்டல் போய் நின்றார்.

"ஓரின். உன்ன மேல கூப்பிட்டுருக்காங்க. இன்னைக்கே போகணும்."

நாற்காலிப் பக்கமிருந்து ஒரு முனகல் வந்தது. ஓரின் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. அவரைத் தாண்டிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான்.

"என்கிட்டயா கோச் பேசறீங்க?"

"உன்கிட்டதான் தம்பி."

அவன் அந்தத் துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு ஐந்து வாரமாக அடைத்துவைத்த அத்தனையும் வந்தது. சாண்ட்விச், ஷாம்பூ, குறட்டை, மாட்டுப் படம். வெண்டல் நடுவில் புகுந்து, யாருக்கும் உன் மேல் கோபமில்லை, அந்த ஆட்டம் முடியவில்லை அல்லவா, நீ ஹிட் கொடுக்காமல் இருந்தாய் அல்லவா, திருஷ்டி பட்டுவிடக் கூடாது என்றுதான் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது என்று சொன்னார். முப்பத்தைந்து நாளுக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னார்.

ஓரின் அழுகையை நிறுத்தினான். "அதுவா? அது அன்னைக்கே போயிடுச்சே கோச்."

"என்னது போயிடுச்சு?"

"நாலாவது இன்னிங்ஸ்ல கால் நடுவுல போச்சே ஒரு பந்து, அத மறுநாளே ஹிட்டுன்னு மாத்திட்டாங்க. போர்டுல ஒட்டியிருக்கே, பாக்கலியா?"

உடை மாற்றும் அறையில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில் மாட்டுப் படத்துக்குப் பக்கத்தில், ஜூன் பத்தாம் தேதியிட்ட ஸ்கோர் தாள் குத்தியிருந்தது. ஐந்து வாரம் இருபத்தைந்து பேர் அதன் பக்கத்தில் உடை மாற்றியிருக்கிறார்கள். ஒருவன்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தாளைப் பார்ப்பதும் திருஷ்டிதானே என்று அதைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். தன் சொந்தக் கணக்கு என்பதால் ஓரின் மட்டும் பார்த்திருந்தான். பார்த்ததைச் சொல்ல அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை.

வெண்டல் மில்லர்டுக்கு ஃபோன் போட்டார். மில்லர்ட் சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார். இரவெல்லாம் யோசித்துப் பார்த்தாராம்; அந்தப் பந்தைப் பிடிப்பது எந்த பீல்டருக்கும் கஷ்டம், மனசாட்சிப்படி அது ஹிட்தான். "மாத்தி எழுதி ஒட்டிட்டேன்ப்பா. ஆனா வாயால எப்படிச் சொல்றது? அந்தப் பையன் பேரோட சேத்து அந்த வார்த்தையச் சொல்லக் கூடாதே," என்றார்.

வெண்டல் முதலில் சிரித்தார். மாட்டுப் படத்தைப் பார்த்து இன்னும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகுதான், தான் எழுதிய அறிக்கை ஞாபகம் வந்தது.

விமான நிலையம் டெமாய்ன் நகரத்தில், இரண்டு மணி நேரப் பயணம். யாரையாவது அனுப்பியிருக்கலாம். வெண்டலே வண்டியை எடுத்தார். முதல் ஒரு மணி நேரம் ஓரின் பேசினான். ஈரலைப் பற்றி, தன் தங்கையைப் பற்றி, ஹாக்கியில் உடைந்த பல்லைப் பற்றி, வழியில் தெரிந்த ஒவ்வொரு தானியக் களஞ்சியத்தைப் பற்றியும் பேசினான். தண்டனை போல அல்ல, தாகத்துக்குத் தண்ணீர் போல அதைக் கேட்டுக்கொண்டு வெண்டல் ஓட்டினார். நாக்கு விஷயத்தையும் சொன்னார். ஓரின் கண்ணாடியைத் திருப்பித் தன் வாயைப் பார்த்து, அட ஆமாம் என்று வியந்தான். பாதி வழி தாண்டியதும் வெண்டலுக்குத் தாங்கவில்லை.

"தம்பி, மூணு வாரத்துக்கு முன்னாடியே உன்னக் கேட்டாங்க. நான்தான் தயாரில்லேன்னு எழுதினேன். அந்த ஆட்டத்த நீ முடிக்கணும்னு. உனக்காக இல்ல, எனக்காக."

ஓரின் அவரைப் பார்த்தான். பிறகு முன்பக்கம் பார்த்தான். அதற்குமேல் பேசவில்லை. அறுபது மைல் பேசவில்லை. இரண்டு பக்கமும் சோளம் ஓடியது. வெண்டல் ஒரு தடவை கனைத்தார், பதில் இல்லை. வழிக்கு எடுத்துவந்த மார்வெலின் கொலாச்சி டப்பாவை அவன் பக்கம் தள்ளினார்; கை நீளவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தும் இல்லாதது போல இருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு அந்த அறுபது மைலில் தெரிந்தது. அவன் அதை ஐந்து வாரம் தாங்கியிருக்கிறான்.

விமான நிலைய வாசலில் ஓரின் பெட்டியை இறக்கினான். கதவைச் சாத்தினான். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. வண்டியை நிறுத்தக் கூடாத இடம் அது. காவலர் கை காட்டிக்கொண்டிருந்தார். வெண்டல் நகரவில்லை.

கதவு மறுபடி திறந்தது. ஓரின் பெட்டியோடு நேராக வண்டிக்கு வந்து ஜன்னலைத் தட்டினான். வெண்டல் அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார். அவன் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"எந்தப் பக்கம் கோச்?"

"என்னது?"

"நாக்கு. எந்தப் பக்கம் வருது?"

"இடது பக்கம்," என்றார் வெண்டல். "மெதுவான பந்துக்கு மட்டும்."

ஓரின் தலையாட்டினான். ஜன்னல் வழியாகக் கையை விட்டு டப்பாவிலிருந்து ஒரு கொலாச்சியை எடுத்துக்கொண்டு போனான்.